வெண்கலக் கொல்லனின் வலது கை

"அண்ணி, இது கைதேர்ந்த ஆளோட கைவரிசை. போலீஸ் கைவிரிச்சதால நம்ம கைக்கு வந்திருக்கு."

"முடிஞ்சுதா?"

"இன்னும் கைவசம் நிறைய இருக்கு."

அண்ணி நான்கு சாலைகள் கூடுமிடத்தில் இருந்த அந்தச் சின்னப் பூங்காவின் புல்தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து, வெண்கலத்தில் வார்த்த கொல்லன் சிலையின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டோடு சரி. அதற்கு மேல் இருக்க வேண்டிய வலது கை இல்லை.

லொள்ளு என்பது அவளோடு வந்த கொழுந்தனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. ஆனால் பெற்ற தாயே இப்போது அப்படித்தான் கூப்பிட்டாள். எந்த வேலையிலும் வாயைக் கட்டி வைக்கத் தெரியாமல் வீடு திரும்பியவனை, "என்கூட வந்து சுத்திக்கிட்டாவது இரு" என்று அழைத்துக்கொண்டவள் அண்ணி. காப்பீட்டுக் கம்பெனியில் பொய்க் கணக்குகளைக் கண்டுபிடித்துப் பழகியவள், வேலையை விட்டுவிட்டு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு அறை பிடித்துத் துப்பறியும் நிலையம் திறந்திருந்தாள். கொழுந்தன்தான் உதவியாளன், ஓட்டுநர், பொழுதுபோக்கு.

கொல்லனைச் சுற்றி இன்னும் மூன்று பேர் வெண்கலத்தில் நின்றார்கள். ஒரு தச்சர், தலையில் கலவைச் சட்டியோடு ஒரு சித்தாள், செருப்பு தைக்கும் ஒருவர். பீடம் கிடையாது. ஊர் ஜனத்தோடு ஜனமாக நிற்கட்டும் என்று தரையிலேயே நிறுத்தியிருந்தார்கள். பக்கத்துக் கல்லில் 'உழைக்கும் கைகளுக்கு ஊரின் வணக்கம்' என்று பொறித்திருந்தது. திறந்து வைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன, அதற்குள் கொல்லனுக்கு இந்தக் கதி.

"தம்பி, அந்தத் தச்சர் கையில இருக்கற இழைப்புளியை ஆட்டிப் பாரு."

லொள்ளு ஆட்டினான். அது பல் விழப்போகிற குழந்தையின் வாய் மாதிரி லொடலொடவென்று ஆடியது.

"இழுத்தா கையோட வந்துடும் போலிருக்கே!"

"அதுவும் வெண்கலம். கையைவிடக் கனம் அதிகம். பழைய உலோகத்துக்குப் போடற திருடன் இதை விட்டுட்டு, உக்காந்து மணிக்கட்டை அறுப்பானா?"

"அறுக்க மாட்டான்."

"கொல்லர் பிடிச்சிருந்த சுத்தியல் மட்டும் நிஜ இரும்பு. அதை உருவி, கீழ போடாம, அவர் முன்னாடி இருக்கற பட்டடைக் கல்லு மேல அலுங்காம வெச்சிருக்கான். இப்போ அறுத்த இடத்தைத் தொட்டுப் பாரு."

லொள்ளு தொட்டான். கன்னம் மாதிரி வழவழப்பாக இருந்தது.

"அரம் போட்டு ராவியிருக்கான்! எதுக்கு அண்ணி?"

"குழந்தைங்க ஏறி விளையாடற இடம். யார் கையையும் கிழிச்சுடக் கூடாதுன்னு ராவியிருக்காங்க. புதுசா அறுத்த வெண்கலம் பொன் மாதிரி மின்னும். இது மின்னுதா? மேல கறுப்பு மெழுகு பூசியிருக்கு. காயத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி."

"ஆக, திருடன் ரொம்ப நல்லவன்."

"திருடனா இல்லையான்னுதான் பார்க்கணும்."

பூங்கா வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடியோடு சிற்பி அம்மா இறங்கினார். இந்தச் சிலைகளைச் செய்தவரும் இந்த வழக்கை ஒப்படைத்தவரும் அவர்தான். தலை நரைத்து, விரல் இடுக்குகளில் களிமண் காய்ந்த பெண்மணி. கொல்லன் இருந்த பக்கம் திரும்பாமலே நடந்து வந்தார்.

"காவலாளியை விட்டுட்டாங்களா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

பூங்காக் காவலாளியைப் போலீஸ் பிடித்து வைத்திருந்தது. அவர் அறையில் மரக்கிளை அறுக்கும் ரம்பம் ஒன்று கிடந்ததாம். கை போன இரவு எங்கே இருந்தாய் என்று கேட்டால், ஒரு நேரம் தூங்கினேன் என்றும் ஒரு நேரம் விழித்திருந்தேன் என்றும் உளறினாராம். இது போதாதா அவர்களுக்கு!

"இன்னும் விடலைங்க. ஒண்ணு கேக்கணும். இந்தக் கை யாரோட கை?" என்று கைப்பேசியில் பழைய புகைப்படத்தைக் காட்டினாள் அண்ணி. "சுண்டுவிரல் உள்பக்கமா வளைஞ்சிருக்கு. கட்டைவிரலுக்குக் கீழ சுட்ட தழும்பு இருக்கு. யாரையாவது பார்த்துச் செஞ்சீங்களா?"

"இல்லை, கற்பனைதான்." பதில் கேள்வியை முந்திக்கொண்டு வந்தது. "காவலாளிக்குச் சின்னக் குழந்தை இருக்கு. சீக்கிரம் ஏதாவது செய்யுங்க."

வந்த வேகத்தில் கார் போய்விட்டது.

"அண்ணி, இந்தப் படத்தைப் பாருங்க. உடம்பெல்லாம் கறுத்திருக்கு, புறங்கை மட்டும் தேய்ச்ச குத்துவிளக்கு மாதிரி பளபளன்னு இருக்கே!"

அண்ணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் உருப்படியாக எதையாவது சொல்லும்போது மட்டும் வருகிற பார்வை அது. "யாரோ தினம் தேய்ச்சிருக்காங்க. வா."

பூங்கா வாசலில் குடைக்குக் கீழே சாவி செய்பவர் ஒருவர் கடை போட்டிருந்தார். அண்ணி கேட்டு முடிப்பதற்குள், அவர் பூட்டிய வாயைத் திறந்துவிட்டார்.

"தேய்க்கலைங்க, சொறிவார். தினம் சாயங்காலம் ஒருத்தர் வருவார். முழுக்கைச் சட்டை. வலது கை எப்பவும் பேன்ட் பாக்கெட்டுக்குள்ளயே இருக்கும். கொல்லர் பக்கத்துல உக்காந்து, இடது கையால அந்தச் சிலையோட புறங்கையைச் சொறிஞ்சு விடுவார். நான் முதல்ல ஏதோ கழண்ட கேஸுன்னுதான் நெனச்சேன். பேசிப் பார்த்தா தங்கமான மனுஷன். பேரு இடுக்கின்னார். இந்தச் சிலையை வார்த்த பட்டறையில வேலை பார்த்தாராம்."

"கை காணாமப் போனதுக்கு அப்புறம் வந்தாரா?"

"மறுநாள் வந்தார். பார்த்தார். அப்படியே தரையில உக்காந்துட்டார். துக்க வீட்டுல உக்கார்ற மாதிரி. அதுக்கப்புறம் ஆளைக் காணோம்."

ஸ்கூட்டரைக் கிளப்பும்போது லொள்ளுவுக்கு வழக்கே முடிந்துவிட்டது போலிருந்தது. "பாக்கெட்டுல கை! உள்ள ரம்பம் வெச்சிருந்திருப்பான். தினம் வந்து நோட்டம் பார்த்திருக்கான். திருடிட்டு மறுநாள் வந்து ஒப்பாரி நாடகம்! எல்லாம் கைவந்த கலை."

"ரோட்டைப் பார்த்து ஓட்டு."

வார்ப்புப் பட்டறைக்குள் மணலும் புகையும் சூடும் கலந்து மூச்சை அடைத்தன. உருக்கிய உலோகத்தைப் பெரிய அகப்பையில் ஏந்தி இரண்டு பேர் மெல்ல நடந்தார்கள். முதலாளி இவர்களை அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார்.

"இடுக்கியா? ஆமா, இங்கதான் இருந்தார். அவர் பிடிச்ச பிடியை யாராலயும் விடுவிக்க முடியாது, அதான் அந்தப் பேரு. சிற்பி அம்மா ஒரு தடவை வந்தப்போ அவர் கையைப் பார்த்துட்டு, இந்தக் கைதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னாங்க. மாவுல கையைப் பதிச்சு அச்சு எடுத்தாங்க. கையைத் தனியா வார்த்து மணிக்கட்டுல ஒட்டினோம். ஒட்டினது தெரியாம இழைச்சதும் அவர்தான்."

அண்ணியின் புருவம் லேசாக ஏறியது. கற்பனை என்று சொன்ன சிற்பி அம்மா ஏன் பொய் சொல்ல வேண்டும்?

"ஒட்டின இடம் எதுன்னு யார் யாருக்குத் தெரியும்?"

"எங்க ஆளுங்களுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும்."

"அவர் இப்போ வேலைக்கு வர்றதில்லையா?"

முதலாளி மேஜை மீதிருந்த பேனாவைத் திறந்தார், மூடினார். "வர்றதில்லை. நானா போகச் சொல்லலை. வீடு பின் தெருவுலதான். நீங்களே கேட்டுக்குங்க."

வெளியே வந்ததும் லொள்ளு தொடையில் தட்டிக்கொண்டான். "வேலை போன ஆத்திரம் இருக்கு, ஒட்டின இடம் தெரியும், தன்னோட கைங்கற உரிமை வேற. அண்ணி, இந்தத் தடவை நான் பேசறேன். கையும் களவுமா பிடிச்சுக் காட்டறேன்."

அண்ணி ஏதோ யோசனையில் இருந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் சொல்லியிருக்கக் கூடாதா என்று பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டான் லொள்ளு.

பின் தெருவில் பச்சைக் கதவு போட்ட வீடு. லொள்ளு தட்டினான். முழுக்கைச் சட்டை போட்ட ஒரு மனிதர் இடது கையால் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம், தூங்கிப் பல நாளான முகம். அவருக்குப் பின்னால் மனைவி நின்றாள்.

"இடுக்கி அண்ணன்தானே? சுத்தி வளைக்காம நேரா வரேன். மரியாதையா சொல்லிடுங்க, வலது கையை எங்க வெச்சிருக்கீங்க?"

அவர் ஒரு விநாடி அவனைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்துட்டேன் தம்பி."

சட்டையின் வலது கை நுனியை இடது கையால் மடக்கிக் காட்டினார். உள்ளே ஒன்றும் இல்லை.

லொள்ளுவின் வாய் திறந்தபடியே நின்றது. காலையிலிருந்து பேசிய கைதேர்ந்த, கைவரிசை, கைவந்த எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து அவன் முகத்தில் அறைந்தன. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று சொல்வார்களே, அது பேச்சுக்குச் சொல்வதில்லை என்று அவனுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

"எப்போ?" என்று அண்ணிதான் கேட்டாள்.

"சிலையை லாரியில ஏத்தின அன்னிக்கு," என்று மனைவி முந்திக்கொண்டாள். "மறுநாள் திறப்பு விழா. இருட்டப் போகுது, சங்கிலியும் சரியில்லை, காலையில கிரேன் வரட்டும்னு இவர் சொல்லியிருக்கார். முடியாது, இப்பவே போகணும்னு பிடிவாதம். பட்டடைக் கல்லு நழுவி லாரிப் பலகைக்கும் அதுக்கும் நடுவுல..." அவள் கணவரின் சட்டைக் கையை இறக்கிவிட்டாள். "மறுநாள் உழைக்கும் கைகளைப் பத்தி மேடையில ஒவ்வொருத்தரா பேசினாங்க. ஆஸ்பத்திரி டிவியில இவர் பார்த்துக்கிட்டு இருந்தார்."

"யாரோட பிடிவாதம்?"

"விடு," என்றார் இடுக்கி மனைவியிடம். பிறகு அண்ணியைப் பார்த்தார். "கை போனதுகூடப் பழகிடுச்சும்மா. ஆனா அது போன மாதிரியே இல்லை. அரிக்கும். இல்லாத புறங்கை நெருப்பா அரிக்கும். எங்க சொறியறது? டாக்டர் மாத்திரை கொடுத்தார், கேக்கலை. ஒரு நாள் சும்மா அந்தச் சிலையைப் பார்க்கப் போனேன். அப்போ அரிப்பு எடுத்துச்சு. என் கைதானே இதுன்னு அதைச் சொறிஞ்சேன். கேட்டா சிரிப்பீங்க. அடங்கிடுச்சு."

யாரும் சிரிக்கவில்லை.

"தினம் போய்ச் சொறிஞ்சுட்டு வந்தா ராத்திரி தூக்கம் வரும். இப்போ அதையும் எவனோ எடுத்துட்டுப் போயிட்டான். எவனுக்கு எதுக்கு அந்தக் கை? கண்டுபிடிச்சா திருப்பித் தரச் சொல்லுங்க, கேஸெல்லாம் வேண்டாம்."

தெருவில் இறங்கியதும் லொள்ளு சுவரோரமாக நின்றுவிட்டான்.

"அண்ணி, நான்..."

"அப்புறம் பேசு. இப்போ வண்டியை எடு, சிற்பி அம்மா வீட்டுக்கு."

"அவங்க எதுக்கு?"

"பொருளைத் தொலைச்சவங்க எதைக் கேப்பாங்க? பொருள் கிடைச்சுதான்னு கேப்பாங்க. இந்தம்மா ஒரு தடவையாவது கை கிடைச்சுதான்னு கேட்டாங்களா? போன்லயும் சரி, நேர்லயும் சரி, காவலாளியை விட்டாச்சா, காவலாளியை விட்டாச்சான்னு அதே பாட்டு. ஒட்டின இடம் தெரிஞ்சு அறுத்த கை, குழந்தைங்களுக்காக ராவின கை, காயம் மின்னக் கூடாதுன்னு மெழுகு பூசின கை. எல்லாம் ஒரே ஆளோட கைதான் தம்பி."

கை கை என்று அவளே அடுக்கியும் லொள்ளுவுக்குச் சிரிப்பு வரவில்லை.

சிற்பி அம்மாவின் வேலைக்கூடம் வீட்டின் பின்புறம் இருந்தது. பாதி செய்த முகங்கள் ஈரச்சாக்கு போர்த்திக்கொண்டு வரிசையாக நின்றன. அண்ணி உட்காரவில்லை.

"இடுக்கி வீட்டுலேருந்து வரேன்," என்றாள்.

சிற்பி அம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அழுது அழுது கண் இரண்டும் வீங்கியிருந்தன. எதையும் மறுக்கவில்லை. மூலையில் இருந்த களிமண் தொட்டியின் மூடியைத் திறந்து, சால்வையில் சுற்றிய ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தார். சால்வை விலகியது. வளைந்த சுண்டுவிரலும் கட்டைவிரலுக்குக் கீழே தழும்பும் தெரிந்தன. புறங்கை மட்டும் பளபளத்தது.

"எங்க போனாலும் அந்தச் சாலையைத் தாண்டித்தான் போகணும்," என்றார் மெல்ல. "ஒவ்வொரு தடவையும் அந்தக் கை என்னைப் பார்க்கற மாதிரியே இருக்கும். நிஜக் கை போச்சு, பொய்க் கைக்கு மாலையா? எல்லாரும் என்னைக் கொண்டாடறாங்க. தாங்க முடியலை. ஒரு ராத்திரி போனேன். காவலாளி இல்லை. அறுத்துட்டேன்."

"காவலாளி ஏன் இல்லைன்னு தெரியுமா? குழந்தைக்குக் காய்ச்சல்னு வீட்டுக்கு ஓடியிருக்கார். அதைச் சொன்னா வேலை போயிடும்னு உளறியிருக்கார். இன்னிக்குக் காலையிலதான் அவர் மனைவி என்கிட்ட சொன்னாங்க."

"அவரைப் பிடிப்பாங்கன்னு நான் நினைக்கவே இல்லை. ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போனேன். உள்ள போக முடியலை. அதான் உங்களைக் கூப்பிட்டேன். நீங்க கண்டுபிடிச்சுடுவீங்கன்னு நம்பினேன்."

"பிடிபடறதுக்கே ஆள் வெச்சீங்களா?" என்று கேட்டான் லொள்ளு. இந்த முறை அதில் கேலி இல்லை.

"ஒண்ணு தெரியுமா உங்களுக்கு?" அண்ணி அந்த வெண்கலப் புறங்கையைத் தொட்டாள். "இது ஏன் மின்னுது?"

"யாராவது குழந்தைங்க..."

அண்ணி சொன்னாள். கூட்டாமல் குறைக்காமல், இடுக்கி சொன்ன மாதிரியே சொன்னாள். அரிப்பைச் சொன்னாள், சொறிந்ததைச் சொன்னாள், இப்போது தூக்கம் இல்லாததைச் சொன்னாள். கேட்கக் கேட்கச் சிற்பி அம்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே சரிந்து உட்கார்ந்தார்.

"அவருக்கு நான் ரெண்டாவது தடவையும்..." என்றார். 

முதலில் காவல் நிலையம் போனார்கள். தன் படைப்பைத் தானே அறுத்ததாகச் சொன்ன அம்மாவை நம்புவதா வேண்டாமா என்று இன்ஸ்பெக்டர் திகைத்தார். சிலை இப்போது ஊருடையது, அதனால் வழக்கு உண்டு என்று எழுதிக்கொண்டு, கூப்பிடும்போது வரவேண்டும் என்று அனுப்பினார். கையைச் சிலையில் ஒட்டுவதற்கு அவர்களிடமே ஒப்படைக்கலாம் என்று ஊராட்சி அதிகாரியும் போனில் சம்மதித்தார். காவலாளி வெளியே வந்தார். சிற்பி அம்மா கும்பிட்டதை அவர் பார்த்தும் பார்க்காதது போல், செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி விறுவிறுவென்று நடந்தார்.

பச்சைக் கதவுக்கு முன்னால் அவர்கள் வந்து நின்றபோது வெயில் இறங்கியிருந்தது. இந்த முறை அண்ணி தட்டினாள்; கையை அறுத்தது யார் என்று முன்பே போனில் சொல்லியிருந்தாள். கதவைத் திறந்த இடுக்கியின் மனைவி, சிற்பி அம்மாவைக் கண்டதும் கதவுக்குக் குறுக்கே கையை வைத்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை வந்தீங்களா?"

"வந்தேன். வாசலோட திரும்பிட்டேன்."

"வெண்கலத்தை அறுக்கத் தைரியம் இருந்துச்சு. ஒரு கதவைத் தட்டத் தைரியம் இல்லையா?"

"உள்ள விடு," என்ற குரல் கேட்டது. மனைவி கையை எடுத்தாள், ஆனால் வாங்க என்று சொல்லவில்லை.

இடுக்கி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சால்வையோடு கையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அறுத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு மற்றவர்கள் இருப்பதே மறந்தவராக, அதன் புறங்கையை நகத்தால் மெல்லச் சொறிந்தார். கண் தானாக மூடியது. நெடுமூச்சு ஒன்று வந்தது.

லொள்ளு அவர் காலடியில் குந்தினான். "அண்ணே, காலையில நான் பேசினது... தெரியாம பேசிட்டேன். மன்னிச்சுடுங்க."

"உன் மூஞ்சியைப் பார்த்தப்பவே தெரிஞ்சுது தம்பி. நீ திட்டணும்னு பேசலை. போகட்டும்." அவன் தோளை ஒரு தட்டுத் தட்டினார்.

அதைக் கேட்டு ஆறுதலடைந்தவராகச் சிற்பி அம்மாவும் ஓரடி முன்னால் வந்தார். "நானும் மன்னிப்புக் கேக்கத்தான்..."

"கேளுங்க," என்றார் இடுக்கி.

இந்த முறை இடுக்கி போகட்டும் என்று சொல்லவில்லை. அவர் காத்திருந்தார்.  லொள்ளுவுக்கு அந்த அறையில் இருப்பதே முள்ளாக இருந்தது. அண்ணியின் முந்தானையை லேசாகத் தொட்டு, போய்விடலாம் என்று கண்ணால் கெஞ்சினான். அவளும் கிளம்பத் திரும்பினாள்.

"நீங்க போகாதீங்கம்மா," என்று இடுக்கி அவர்களை நிறுத்தினார். "விழாவுல அவங்க பேசினதைக் கேக்க ஊரே கூடியிருந்துச்சு. இதைக் கேக்க நீங்க ரெண்டு பேராவது இருங்க."

அண்ணி சுவரில் சாய்ந்து நின்றாள். லொள்ளு எழுந்திருக்கவில்லை. மனைவி வாசல் கதவை இன்னும் அகலமாகத் திறந்து வைத்தாள். பக்கத்து வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

சிற்பி அம்மா அந்தத் திறந்த கதவைப் பார்த்தார். பிறகு இடுக்கியின் காலியான சட்டைக் கையைப் பார்த்தார். இத்தனை மாதங்களில் அவர் அதை நேராகப் பார்ப்பது அதுதான் முதல் முறை.

"காலையில ஏத்தலாம்னு நீங்க சொன்னீங்க," என்று தெருவுக்கும் கேட்கும் குரலில் ஆரம்பித்தார். "உங்க முதலாளியும் சொன்னார். லாரிக்காரர்கூடச் சொன்னார். அன்னிக்கு அவசரம் யாருக்கும் இல்லை. எனக்குத்தான்."